விரைவுக் காருக்கு ஏற்ற டயர்

விரைவுக் கார் ஒன்றின் பெருமையைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினையே முதலில் எடுத்துரைப்பர். எத்தனை குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடிகளில் எட்டும், பிரேக் வட்டுகள் எவ்வளவு பெரியவை என்பனவே பேச்சின் பொருளாக அமையும். அவ்வெஞ்சின் தரும் உந்துதலும், அப்பிரேக் தரும் தடையும், ஸ்டியரிங்கைத் திருப்பும் கையின் கட்டளையும் தரையைச் சென்றடைவது நான்கு டயர்களின் வழியாக மட்டுமே. டயரைத் தமிழில் உருளிப்பட்டை என்று எழுதுவாரும் உளர். கடைவீதியில் எல்லோரும் அறிந்த சொல்லையே இக்கட்டுரை ஆள்கிறது.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 1500 கிலோ எடையுள்ள கார் ஒன்றின் டயர்களில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அவ்வெடையைத் தாங்க வேண்டிய பரப்பு மொத்தம் 600 சதுர சென்டிமீட்டர். பக்கச்சுவரின் விறைப்பால் இது சற்றுக் கூடலாம், குறையலாம். நாம் நாளும் எழுதும் ஏ-4 தாளின் பரப்பு 624 சதுர சென்டிமீட்டர். ஆகவே நான்கு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் இடம் ஒரு தாள் அளவே. டயர் ஒன்றுக்கு ஓர் உள்ளங்கை. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வாகனமும் இந்த ஒரு தாளின் மீதுதான் நிற்கிறது, ஓடுகிறது, வளைகிறது.

இன்னொரு கணக்கையும் காண்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு 1 ஆயின் ஏறத்தாழ 39 மீட்டரில் நிற்கும். பிடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து கெழு 0.8 ஆனால் 49 மீட்டர் ஆகும். பத்து மீட்டர்தானே என்று எண்ணிவிடக் கூடாது. முதற்கார் நின்றுவிட்ட அதே புள்ளியை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 45 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அப்புள்ளியில் ஒரு மனிதர் சாலையைக் கடந்துகொண்டிருந்தால், அவர் பிழைப்பதும் பிழையாமையும் டயர் வாங்கிய நாளிலேயே பாதி முடிவாகிவிட்டது எனலாம்.

தேய்ந்த டயரை மாற்றும் நேரத்தில் எதனை நோக்கித் தேர்வது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

வயது என்னும் முதற்கேள்வி

2013 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான்டா கிளாரிட்டா நகரில் போர்ஷே கரேரா ஜிடி கார் ஒன்று மின்கம்பத்திலும் மரங்களிலும் மோதித் தீப்பற்றியது. திரைப்பட நடிகர் பால் வாக்கரும் காரை ஓட்டிய அவர்தம் நண்பரும் உயிரிழந்தனர். 2005ஆம் ஆண்டுத் தயாரிப்பான அக்கார் பத்துச் சிலிண்டர் எஞ்சினும் 600 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட ஆற்றலும் உடையது. சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு அதில் பொருத்தப்படவில்லை. 2014 மார்ச்சில் வெளியான விசாரணை முடிவு, மணிக்கு 72 கிலோமீட்டரே அனுமதிக்கப்பட்ட சாலையில் அக்கார் ஏறத்தாழ 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதே விபத்துக்குக் காரணம் என்றது. அத்துடன் மற்றொன்றையும் அது குறித்தது. டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை. அம்முதுமை காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கக் கூடும்.

வேகமே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த ஒன்பது ஆண்டு என்னும் செய்தி விரைவுக் கார் வைத்திருப்போர் அனைவரும் நெஞ்சில் நிறுத்த வேண்டியது. நாள்தோறும் ஓடும் வாடகைக் காரின் டயர் தேய்ந்து தேய்ந்து தன் முடிவைத் தானே அறிவித்துவிடும். மொட்டையாகிப் போன டயரைக் கண்ட எவரும் மாற்றிவிடுவர். விரைவுக் காரின் நிலை வேறு. அது பெரும்பாலும் கொட்டகையில் போர்வை போர்த்தி நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளிவரும். ஆண்டுக்கு 2000 கிலோமீட்டர் ஓடினால் எட்டு ஆண்டுகளில் 16,000 கிலோமீட்டர்தான். வரிப்பள்ளங்கள் ஆழமாக இருக்கும், கறுப்பு நிறம் பளபளக்கும். கண்ணுக்குப் புதிது போல் தோன்றும் அந்த ரப்பர் உள்ளே முதுமை எய்தியிருக்கும்.

அம்முதுமை எவ்வாறு நேர்கிறது? பச்சை ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளிடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டாகி அது உறுதியும் நெகிழ்வும் பெறும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். டயர் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த பின்னரும் வெப்பமும் ஆக்சிஜனும் அப்பிணைப்புகளில் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. பிணைப்புகள் மிக, ரப்பர் இறுகுகிறது. காற்றில் சிறிதளவு உள்ள ஓசோன் பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகளைத் தோற்றுவிக்கிறது. ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்கள் மெல்ல வெளியேறுகின்றன. இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பற்ற இயலாது. இதில் ஒரு முரணும் உண்டு. டயர் உருண்டு நெகிழும்போது அதற்குள் கலந்துள்ள பாதுகாப்பு மெழுகு மேற்பரப்புக்கு வந்து ஓசோனைத் தடுக்கும். நின்றுகொண்டே இருக்கும் காரின் டயருக்கு அப்பாதுகாப்பு குறைவாகவே கிட்டும்.

வயதை அறிவது எளிது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்னும் எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் இறுதியில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுக்கு முன் மூன்றே எண்கள் இருந்தன. அத்தகைய டயர் இன்றும் ஒரு காரில் காணப்படுமாயின் அதனை அரும்பொருட்காட்சியகத்துக்கு அனுப்புவதே முறை. டயருக்கு எத்தனை ஆண்டு வாழ்வு என்பதில் எல்லா நிறுவனங்களும் ஒரே கருத்தின அல்ல. மிஷலின் நிறுவனம் ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்டச் சொல்கிறது. பத்தாண்டு நிறைந்தால் தோற்றம் எவ்வாறிருப்பினும் மாற்றச் சொல்கிறது. கார் நிறுவனங்கள் சில ஆறு ஆண்டையே எல்லையாகக் கூறுகின்றன. விரைவுக் காருக்கு ஆறே போதுமானது என்பது என் கருத்து. கடையில் வாங்கும்போதும் இவ்வெண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். அதிகம் விற்பனையாகாத அகன்ற அளவுகள் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதுண்டு. தள்ளுபடி விலைக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பக்கச்சுவர் கூறும் செய்தி

போர்ஷே 911 கரேரா எஸ் காரின் 992 என்னும் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். முன்சக்கரத்தில் 245/35 இசட்ஆர் 20, பின்சக்கரத்தில் 305/30 இசட்ஆர் 21. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாம் எண் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்பது ரேடியல் அமைப்பு. இறுதி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் சாதாரணக் காரில் செய்வது போல் முன்டயரைப் பின்னுக்கும் பின்டயரை முன்னுக்கும் மாற்றித் தேய்மானத்தைச் சமன் செய்ய இக்காரில் வழியில்லை. எஞ்சின் பின்புறம் அமர்ந்திருப்பதால் பின்டயர்களே விரைவில் தேயும்.

அளவுக்கு அடுத்து 91 ஒய் என்பது போல் ஓர் எண்ணும் எழுத்தும் வரும். 91 என்பது அந்த ஒரு டயர் 615 கிலோ சுமக்கும் என்பதன் குறியீடு. எழுத்து வேக எல்லை: எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர். எண்ணும் ஒய்யும் அடைப்புக்குறிக்குள் இருந்தால் 300க்கும் மேல். நாம் என்றும் அவ்வளவு வேகம் போகப் போவதில்லையே, குறைந்த எழுத்துள்ள மலிவான டயர் போதாதா என்று கேட்போர் உண்டு. வேக எழுத்து உண்மையில் வெப்பத்தைத் தாங்கும் அளவு. மணிக்கு 300 கிலோமீட்டரில் சுழலும் டயரின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு கிராம் ரப்பரையும் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட விசை வெளிநோக்கி இழுக்கிறது. அதனைத் தாங்க உள்ளே நைலான் கட்டுகளும் எஃகுப் பட்டைகளும் வேறு வகையாகப் பின்னப்பட்டுள்ளன. அப்பின்னலே 120 கிலோமீட்டர் வேகத்தில் திடீரெனத் திரும்பும்போது காரை நெளியாமல் வைத்திருப்பதும் ஆகும்.

இவ்விசையின் எல்லையை அறிய புகாட்டி நிறுவனத்தின் கார்களை நோக்கலாம். 2016இல் வெளிவந்த ஷிரோன் காரின் வேகம் மணிக்கு 420 கிலோமீட்டராகக் கட்டுப்படுத்தப்பட்டது. எஞ்சின் அதற்கு மேலும் செல்லவல்லது. டயரின் எல்லையே காரின் எல்லையாயிற்று. 2019 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஏரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில் திருத்தியமைக்கப்பட்ட ஷிரோன் ஒன்று 490.484 கிலோமீட்டர் வேகத்தை எட்டியபோது, அதற்கென வலுவூட்டப்பட்ட மிஷலின் டயர்கள் ஒவ்வொன்றும் எக்ஸ்-கதிர் கொண்டு ஆராயப்பட்ட பின்னரே பொருத்தப்பட்டன.

அண்மைக் காலத்தில் மின்சார விரைவுக் கார்கள் பெருகியுள்ளன. மின்கலங்களின் சுமையால் இரண்டு டன்னைத் தாண்டும் கார்கள் பல. எனவே சுமைக் குறியீட்டை முன்னினும் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியுள்ளது. எக்ஸ்.எல். என்பதற்கும் மேலாக எச்.எல். என்னும் புதிய குறி இவற்றுக்காகவே வந்துள்ளது.

இன்னும் சில சிறு குறிகள் உள. போர்ஷே தனக்கென ஏற்றுக்கொண்ட டயர்களில் என்-0, என்-1 எனப் பொறிக்கப்படும். பி.எம்.டபிள்யூ. காருக்கு உடுக்குறி, மெர்சிடிஸுக்கு எம்.ஓ., ஆடிக்கு ஏ.ஓ. ஒரே பெயருள்ள டயராயினும் குறி வேறாயின் உள்ளிருக்கும் கலவையும் கட்டமைப்பும் வேறாக இருக்கலாம். இக்குறி இல்லாத டயரைப் போட்டால் கார் கவிழ்ந்துவிடாது. விலை குறைந்தும் தரம் நிறைந்தும் உள்ள குறியில்லா டயர்கள் உண்டு. ஆனால் என்-0 இரண்டும் என்-1 இரண்டுமாகக் கலந்து போடுவதைப் போர்ஷே விலக்குகிறது. அவ்விலக்கை மதிப்பதே நலம். முன்னச்சு ஒரு கணத்தில் பிடியை இழக்க, பின்னச்சு வேறொரு கணத்தில் இழக்குமாயின் ஓட்டுநர் எதனை நம்புவார்?

நான்கு சக்கரங்களும் உந்தப்படும் காரில் இக்கலப்பு எந்திரத்தையும் கெடுக்கும். 680 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் 4 மில்லிமீட்டர் ஆழம் தேய்ந்தால் விட்டம் 8 மில்லிமீட்டர் குறையும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது புதிய டயரைவிட ஐந்து அல்லது ஆறு சுற்று கூடுதலாகச் சுழல வேண்டும். அவ்வேறுபாட்டை ஓயாது சுமப்பது நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுதி. ஒரு டயர் பஞ்சராகிப் பயனற்றுப் போனால் நான்கையும் மாற்றச் சொல்வது கடைக்காரரின் பேராசை என்றே எப்போதும் கொள்ளற்க.

எந்த நிலத்துக்கு, எந்தப் பருவத்துக்கு

பிரேசில் நாட்டு ரப்பர் மரத்தின் விதைகள் 1876இல் ஆங்கிலேயர் ஹென்றி விக்காமால் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கு முளைத்த நாற்றுகள் இலங்கைக்கும், பின்னர் மலாயாவுக்கும் சென்றன. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய கைகளுள் பெரும்பகுதி தமிழர் கைகள். அந்த ரப்பரால் உருண்ட உலகம் அக்கைகளை அதிகம் நினைத்ததில்லை. இன்றைய விரைவுக் கார் டயரில் இயற்கை ரப்பர் ஒரு பகுதியே. செயற்கை ரப்பரும், கரித்தூளும், மணலிலிருந்து பெறும் சிலிக்காவும், எண்ணெய்களும், பிசின்களும் சேர்ந்ததே அதன் கலவை. மிஷலின் நிறுவனம் 1992இல் சிலிக்காவைப் பெருமளவு கலந்து உருவாக்கிய டயருக்குப் பின்னர், ஈரச்சாலைப் பிடிப்பும் எரிபொருள் சிக்கனமும் ஒருங்கே கிட்டும் வழி பிறந்தது.

கலவை ஒவ்வொன்றுக்கும் உரிய வெப்பநிலை உண்டு. கோடைக்கால டயர் எனப்படும் விரைவு டயரின் ரப்பர் வெம்மையில் நன்கு பற்றும். 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். உறைநிலைக்கு மிகக் கீழே நிற்கும் காரை நகர்த்தினாலே சில கலவைகள் வெடித்துவிடும். ஆகவே ஸ்டுட்கார்ட் நகரத்தில் வாழும் 911 உரிமையாளர் ஆண்டுக்கு இரண்டு தொகுதி டயர்கள் வைத்திருப்பார். பனிபடர்ந்த சாலையில் உரிய டயரின்றிச் செல்வதை ஜெர்மனியின் சட்டம் 2010 முதல் வெளிப்படையாகத் தடுக்கிறது. 2024 அக்டோபருக்குப் பின் மலையும் பனித்துகளும் பொறித்த குறியுள்ள டயரே அந்நாட்டில் குளிர்கால டயராக ஏற்கப்படுகிறது. குளிர்கால டயரின் வேக எல்லை காரின் வேகத்துக்குக் குறைவாயின் அவ்வெல்லையை ஓட்டுநர் கண்ணில் படுமாறு ஒட்டிவைக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. பனியே அறியாத வெப்பநாட்டில் வாழ்வோர்க்கு இவ்விரட்டைச் செலவு இல்லை. ஆனால் அவர்கள் அனைத்துப் பருவ டயர் என்னும் பெயரின் கவர்ச்சியில் மயங்கி, தமக்குத் தேவையற்ற குளிர்த்திறனுக்காக வெயில்காலப் பிடிப்பை விட்டுக்கொடுத்துவிடலாகாது.

இனி, பந்தயத் தடத்துக்கு அருகிலான டயர்கள். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் டயரில் அமெரிக்க முறைப்படி பொறிக்கப்படும் தேய்மான எண் 300. அதே நிறுவனத்தின் கப் 2 டயரில் பல அளவுகளுக்கு 180. எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாகும், பிடிப்புக் கூடும், வாழ்வு சுருங்கும் என்பது பொதுவிதி. இவ்வெண்ணைத் தத்தம் சோதனையால் நிறுவனங்களே இடுகின்றன. எனவே ஒரே நிறுவனத்தின் டயர்களை ஒப்பிட உதவுமளவுக்கு இரு நிறுவனங்களை ஒப்பிட உதவாது. தடத்தில் ஓட்டாதவர் கப் 2 போடுவது, அலுவலகம் செல்ல ஓட்டப்பந்தய முள்காலணி அணிவது போன்றது. அது சூடேறிய பின்னரே முழுப்பிடிப்பைத் தரும். கடைத்தெரு வரை சென்று திரும்பும் பயணத்தில் அச்சூடு ஏறவே ஏறாது. மழைநீரை வெளியேற்றும் பள்ளங்களும் அதில் குறைவு.

மழையில் நேரும் பேரிடர் நீரின் மேல் மிதத்தல். விமானச் சக்கரங்களை ஆராய்ந்த அமெரிக்க நாசா நிறுவனத்தினர் 1963இல் வெளியிட்ட ஓர் எளிய விதி உண்டு. காற்றழுத்தத்தைப் பவுண்டுக் கணக்கில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அளவில் கிடைக்கும். காற்றடிக்கும் கடையில் நாம் சொல்லும் 36 பவுண்டுக்கு வர்க்கமூலம் 6. ஒன்பதால் பெருக்க 54 நாட், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். நீரின் ஆழம் பள்ளத்தின் ஆழத்தை மிஞ்சிய நிலைக்கே இவ்விதி பொருந்தும். புதிய டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும் பள்ளம் 2 மில்லிமீட்டராகத் தேய்ந்தபின் அந்நிலையை எய்த ஒரு சிறு தேங்கல் போதும். ஐரோப்பியச் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. ஜெர்மானிய வாகனக் கழகமான ஏ.டி.ஏ.சி. 3 மில்லிமீட்டரிலேயே கோடை டயரை மாற்றச் சொல்கிறது. அகன்ற டயர் குறுகிய டயரைவிட எளிதில் மிதக்கும் என்பதால், விரைவுக் காருக்குக் கழகத்தின் சொல்லே சட்டத்தினும் மேல்.

அகலம் பற்றி இங்கே ஒரு சொல். கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட கணக்கின்படி தரைதொடும் பரப்பைத் தீர்மானிப்பவை எடையும் காற்றழுத்தமும். டயரை அகலமாக்கினால் அப்பரப்பு பெரிதும் கூடுவதில்லை. நீண்டிருந்தது குறுகி அகன்று அமைகிறது. வளைவில் அது பயன் தரும், மழையில் கேடு தரும். காரை வடிவமைத்தவர்கள் இரண்டையும் நிறுத்தே ஓர் அளவை வகுத்துள்ளனர். அதனினும் அகன்றதைப் போட்டுக் கொள்வது அழகுக்கு உதவலாம்.

ஐரோப்பாவில் 2012 முதல் டயர்களோடு ஒட்டிவரும் தரச்சீட்டும், 2021இல் அதில் செய்த திருத்தமும் வாங்குவோர்க்குப் பயன்படுவனவே. ஈரப்பிடிப்பு, எரிபொருள், ஓசை ஆகிய மூன்றும் அதில் இருக்கும். ஈரப்பிடிப்பின் எழுத்து, புதிய டயர் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 20க்குக் குறையும் தொலைவைக் கொண்டு இடப்படுவது. உலர்சாலை, வளைவு, தேய்ந்த பின்னுள்ள நிலை ஆகியவை பற்றிச் சீட்டு வாய்திறப்பதில்லை. அவற்றுக்கு ஏ.டி.ஏ.சி. போன்ற அமைப்புகளும் வாகன இதழ்களும் நடத்தும் ஒப்பீட்டுச் சோதனைகளைப் படிக்க வேண்டும். அங்கும் எந்த அளவு டயரைச் சோதித்தனர் என்பதை முதலில் பார்ப்பது நன்று. 17 அங்குல டயர் பெற்ற முதலிடம் 21 அங்குல டயருக்குத் தானே வந்துசேராது. பழைய விரைவுக் கார் வைத்திருப்போர்க்கு ஒரு நற்செய்தியும் உண்டு. போர்ஷே நிறுவனம் டயர் நிறுவனங்களோடு சேர்ந்து தன் பழைய கார்களின் அளவிலேயே இக்காலக் கலவையில் புதிய டயர்களைச் சோதித்து அளிக்கிறது. பழைய காருக்குப் பழைய டயரே மரபு என்று கிடங்குச் சரக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை.

டயர் மாற்றும் நாளில் வீல் அலைன்மென்ட்டையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். கோணம் சிறிது பிசகினும் அகன்ற டயரின் உள்விளிம்பு கண்ணில் படாமல் கம்பி தெரியத் தேய்ந்துவிடும். ரப்பர் வால்வுகளையும் உடன் மாற்றுவது நன்று. இரண்டே டயர் வாங்கும் நிலையில், முன்னும் பின்னும் ஒரே அளவாயின், புதியவற்றைப் பின்னச்சில் இடுக. பின்புறம் வழுக்கினால் கார் சுழலும், முன்புறம் வழுக்குவதைச் சமாளிக்க ஓரளவேனும் வழியுண்டு. காற்றழுத்தத்தைக் கதவோரத்தில் ஒட்டிய அட்டவணைப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். புதிய டயரின் மேற்பரப்பு வார்ப்பிலிருந்து வந்த வழவழப்போடு இருக்கும். அது தேய்ந்து உண்மையான ரப்பர் தரையைத் தொட 200 கிலோமீட்டரேனும் ஆகும். அதுவரை வளைவுகளில் மெல்லவே செல்க, மழை நாளாயின் இன்னும் மெல்ல.